விழுந்ததற்கு மைசூர்பாகு

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்து. முதல் ஷிப்ட் முடிந்து ஏறிய கூட்டத்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரே நீலச் சீருடையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் மைசூர்பாகு டப்பா.

"இன்னாடி விசேஷம்?"

"என் பொண்ணு நேத்து கீழ வுழுந்துட்டாக்கா."

பக்கத்தில் நின்றவர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினார்.

"அதுக்கா ஸ்வீட்டு? லூசாடி நீ?"

"பொறந்ததுலேர்ந்து அவளுக்குத் தசை இறுக்கம்னு தெரியுமில்ல. வுழுந்தா கட்ட மாதிரி வுழுவா, மூஞ்சிதான் மொதல்ல தரையில படும். கைய ஊனி வுழத் தெரிஞ்சாதான் வாக்கர் இல்லாம நடக்க வுடுவேன்னு பிசியோ மேடம் கண்டிஷனா சொல்லிட்டாங்க. நேத்து கட்டிலப் புடிச்சினு நின்னவ, சாயும்போது தானா ரெண்டு கையையும் முன்னால நீட்டி ஊனிட்டாக்கா!"

"அவங்கப்பா பார்த்தாரா?"

"அவரு எப்பவும் வுழறதுக்குள்ள ஓடிப்போய்த் தாங்கிப்பாரு. அப்புறம் அவளுக்கு எப்படி வரும்? நேத்து அவர் சட்டையப் புடிச்சி நிறுத்திட்டேன். பட்டனே அறுந்துடுச்சி."

"நம்ம கம்பெனி லைன்ல செல்போனக் கீழ போட்டு ஒடையுதான்னு பாக்குறோமே, அந்த டெஸ்ட்ல உன் பொண்ணு பாஸுன்னு சொல்லு." மூத்தவள் டப்பாவைத் திறந்து, கேட்காமலே ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். "அழுதாளா?"

"அவளா? அவங்கப்பாதான் அழுதாரு. அவ தரையிலேர்ந்தே நிமிர்ந்து பார்த்து, 'இன்னொரு வாட்டி வுழட்டுமாம்மா?'ங்குறா."