கசையடிக் காட்சியில் டினேஷை அடித்தது பற்றி

பெயர்: மரியதாசன் றெனால்ட். வயது: 47. தொழில்: கடற்றொழில். விலாசம்: தாழ்வுபாடு, மன்னார். சமயம்: றோமன் கத்தோலிக்கம். எட்வேட் டினேஷ் என்பவர் எனக்கு எதிராகச் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது. அதற்கு நான் கூறுவது பின்வருமாறு.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி றஞ்சிதாவுடனும் ஒரே மகன் றோயுடனும் வசித்து வருகிறேன். றோய்க்கு வயது பதினெட்டு. டினேஷ் எங்கள் ஊர்ப் பிள்ளை. கொழும்பில் ஒரு பெரிய உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பந்தடிக்கிறார். அவருடைய ரிக்ரொக் வீடியோக்களைப் பார்க்காத பிள்ளை இந்தத் தீவில் இல்லை. சந்தியில் குளிர்பான விளம்பரம் என்றாலும் அவருடைய முகம், பள்ளிக்கூடப் பரிசளிப்பு என்றாலும் நடுக்கதிரை அவருக்கு. டினேஷைப் போல முன்னுக்கு வாருங்கள் என்று மைக் பிடித்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். என் மகன் அதைக் கேட்டு வளர்ந்தவன். தலைமயிரும் அவரைப் போலத்தான் வெட்டுவான்.

கடந்த நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்கு வந்த டினேஷ், தலைக்கவசம் இல்லாமல், மோட்டார் சைக்கிளின் முன்சில்லைத் தூக்கிக்கொண்டு பெரிய பாலத்தில் ஓடி, அதை வீடியோவாகப் போட்டார். அதைப் பார்த்த பின்னர் என் மகனும் அதே பாலத்தில் அதே மாதிரி ஓடி விழுந்து, வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கி, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, உள்ளே தகடு வைத்து மாக்கட்டுப் போடப்பட்டது. இந்தக் கால் இன்னொரு முறை அடிபட்டால் எடுத்துவிட வேண்டி வரும் என்று டொக்டர் என்னிடம் நேரே சொன்னார். அப்படிச் சொல்லியும் மகன் கட்டிலில் படுத்தபடி அந்த வீடியோவையே திருப்பித் திருப்பிப் பார்த்து, தான் சரிந்த பக்கம்தான் பிழை, அடுத்த முறை சரிவரும் என்று சொன்னான். நான் ஏசினேன். தாய் அழுதாள். பாதர் வந்து புத்தி சொன்னார். ஒருவருடைய சொல்லும் அவனுக்கு ஏறவில்லை.

அதன் பின்னர் மனைவி என்னிடம், “டினேஷைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அந்தப் பிள்ளை சொன்னாத்தான் இவன் கேப்பான்” என்றாள். நான் டினேஷின் வீட்டுக்குப் போய், “தம்பி, ஒருக்கா வந்து இனி இப்பிடி ஓடாதை எண்டு மட்டும் அவனுக்குச் சொல்லிவிடு” என்று கேட்டேன். அவர், “ஓம் மாமா, வாறன்” என்றார். சொன்னபடி வந்தார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் போன் பிடிக்க ஒரு ஆளையும் கூட்டி வந்தார். என் மகனைத் தோளில் அணைத்துப் படம் எடுத்து, மாக்கட்டில் பேனையால் கையொப்பம் வைத்து, “கெதியா எழும்பு தம்பி, ரெண்டு பேருமாச் சேர்ந்து பாலத்தில ஒரு ரவுண்ட் அடிப்பம்” என்று சொல்லிப்போட்டுப் போனார். அந்தக் கையொப்பம் அழிந்துவிடும் என்று மகன் காலைத் துடைக்கவும் விடவில்லை.

இதற்கும் அடித்ததற்கும் என்ன சம்பந்தம் என்று விசாரணை செய்யும் பொலிஸ் ஐயா கேட்கிறார். சம்பந்தம் இருக்கிறது, எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் தவக்காலத்தில், யேசு பாடுபட்டு மரித்ததைக் காட்டும் திருப்பாடுகளின் நாடகம் போடுவோம். யேசுவாக நடிப்பவர் தவக்காலம் முழுவதும் குடிக்கக்கூடாது, புகைக்கக்கூடாது, ஒருவரையும் தூஷணத்தால் ஏசக்கூடாது. நாங்கள் அந்த நாட்களில் அவருடைய பெயரைக்கூடச் சொல்வதில்லை, யேசு வாறார், யேசு போறார் என்றுதான் சொல்வோம். முன்னர் யேசுவாக நடித்து வந்த வின்சன்ட், மீன் வாடிக்குப் பின்னால் பீடி பற்றியதைக் கண்டு, அவரைப் படைச் சேவகனாக இறக்கிவிட்டோம். அவரும் முணுமுணுக்காமல் ஈட்டியைப் பிடித்தார். இந்த வருடம் நாடகக் குழுத் தலைவர் செபமாலை, டினேஷ் நடித்தால் பாலம் தாண்டி வங்காலையில் இருந்தும் சனம் வரும் என்று சொல்லி அவருக்கே யேசு வேடத்தைக் கொடுத்தார். கசையால் அடிக்கும் சேவகன் வேடம் வழக்கம்போல எனக்கு.

ஒத்திகை நாட்களில் நான் அவரிடம் மறுபடியும் கேட்டேன். அவர், “நான் ஆரையும் ஓடச் சொன்னனானோ மாமா? நான் பந்தடிக்கிறவன். உங்கட பெடியனை வளக்கிறது என்ர வேலை இல்லை” என்றார். அவரைப் புனிதராக இருக்கும்படி நான் கேட்கவில்லை. மாலை போடும்போது கழுத்தை நீட்டுகிறவர், பிள்ளை விழுந்தவுடன் நான் வெறும் பந்தடிக்காரன் என்கிறார். அப்படியானால் அந்த நடுக்கதிரையில் ஏன் இருந்தார்? இதைத் தலைவரிடம் முறையிட்டேன். அவர், “நாடகம் முடியட்டும் றெனால்ட், இப்ப ஒண்டையும் கிளறாதை” என்றார். பீடிக்கு ஒரு சட்டம், இதற்கு ஒரு சட்டம்.

நாடகம் நடந்த அன்று பின்னேரம், எல்லாரும் வேடம் போட்டு முடித்த பின்னர், டினேஷ் அங்கியோடும் முள்முடியோடும் மோட்டார் சைக்கிளில் ஏறி, கோயில் வளவுக்குள் முன்சில்லைத் தூக்கி ஒரு சுற்று ஓடினார். வீடியோவும் எடுத்தார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். என் மகன் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டினான். அதை நான் கண்டேன்.

அதன் பின்னர் நாடகம் தொடங்கி, கசையடிக் காட்சி வந்தது. கசை நூல்கயிற்றில் செய்து சிவப்புச் சாயத்தில் நனைத்தது. வழக்கத்தில் அதைத் தூணில் ஓங்கி அடித்து, முதுகில் பட்டும் படாமலும் இழுக்க வேண்டும். நான் முதல் அடியைத் தூணில் அடித்தேன். அடுத்ததில் இருந்து முதுகில் அடித்தேன். எத்தனை என்று தெரியாது. “சொல்லடா, ஓடாதை எண்டு சொல்லு” என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னேன். அவர், “மாமா, உண்மையா நோகுது, விடுங்கோ மாமா” என்று கத்தினார். ஆனால் அடி விழ விழ ஒப்பாரியைக் கூட்டிப் பாடுவது எங்கள் ஊர் வழக்கம். அவர் கத்தக் கத்த, ஒப்பாரி பாடும் அன்ரோனெற் அக்காவும் மற்றப் பெண்களும் மைக்கில் இன்னும் உரத்துப் பாடினார்கள். சனம் முழங்காலில் நின்று அழுதது. யேசு சேவகனை மாமா என்று கூப்பிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் வின்சன்ட்தான் ஈட்டியைப் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். டினேஷால் சிலுவையைத் தூக்க முடியாததால் யேசுவுக்குச் சிலுவை சுமக்க உதவும் சீமோன் வேடக்காரர் தன் முறைக்கு முன்னதாகவே வந்து தூக்கினார். நாடகம் முடிந்த பிறகு பலர் என் கையைப் பிடித்து, இப்படி ஒரு நடிப்பைத் தாங்கள் கண்டதில்லை என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

முறைப்பாட்டில் உள்ளபடி முதுகில் தழும்பும், முகம் தூணில் இடிபட்டு உதட்டில் வந்த வெடிப்பும் என்னால் ஏற்பட்டவை. அடித்தது பிழை. தண்டனை தந்தால் ஏற்றுக்கொள்வேன். அத்தனை அடி விழுந்தும் அவர் ஓடாதை என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை என்பதையும் எழுதவும்.

டினேஷின் பக்கச் சாட்சியாக ஒருவர் வந்திருப்பதாக ஐயா கூறினார். வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பது என் மகன் றோய். அப்பா வேண்டுமென்றே அடித்தார், டினேஷ் அண்ணையில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்ல வந்திருக்கிறான். சொல்லட்டும், அது உண்மைதான். அவனை ஒருவரும் கூட்டி வரவில்லை. ஊன்றுகோலைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு, மாக்கட்டுக் காலோடு, தலைக்கவசம் இல்லாமல், தானே மோட்டார் சைக்கிளை ஓடி வந்ததை இந்த யன்னலால் நான் பார்த்தேன். என்னை மறியலில் வைத்தாலும் பரவாயில்லை, அவன் வீட்டுக்குப் போக முதல் தயவு செய்து அவனிடம் இருந்து அந்த மோட்டார் சைக்கிள் திறப்பை வாங்கி வையுங்கள்.

நான் சொன்னவை இவ்வளவே. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். என் வாயால் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை என ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ம. றெனால்ட்