இஸ்திரிக்காரரின் காலுறை

அவையை ஆளும் அருமைத் தலைவரே, மூப்பர் பெருமக்களே, எங்களைப் பெற்றதோடு பொறுத்தும் வரும் தாய்மார்களே, ஆறு மொழி பேசி ஒரே பாட்டைப் பாடும் சகோதர சகோதரிகளே, குழம்பிய தலையோடு வந்து நிற்கும் இந்தச் சலவைக்கூட மேற்பார்வையாளனின் பணிவான வணக்கம்!

"பல இனத்தவரை வழிநடத்தும் விசுவாசி" என்று தலைப்பைத் தந்துவிட்டார்கள். வழி தெரிந்தால் அல்லவா நடத்துவேன்?

எங்கள் கூடத்தில் பதினோரு பேர். நான்கு மதம், ஆஸ்பத்திரிப் போர்வையின் அழுக்கு மட்டும் எல்லோருக்கும் பொது. சென்ற வாரம் எனக்குள் பக்தி பொங்கியது. ஆண்டவர் தம் சீடரின் கால்களைக் கழுவினாரே, அடியேன் கழுவினால் என்ன? தேநீர் வேளையில் வாளியோடும் துண்டோடும் மண்டியிட்டேன். சோப்புப் போட்டீரா என்கிறார் இங்கே அவையின் பின்னாலிருந்து ஒருவர். போட்டேன் ஐயா, வாசனைச் சோப்பே போட்டேன்!

முதலில் இஸ்திரிக்காரர். வேண்டாம் வேண்டாம் என்று காலை இழுத்தார். நானா விடுவேன்? கூச்சப்படுகிறார் என்று காலுறையைக் கழற்றிக் கழுவியே தீர்த்தேன். முகம் வெளுத்து எழுந்து போனவர், மூன்று நாள் வேலைக்கு வரவில்லை.

பணிந்தவன் நான், பயந்தவர் அவர்! கழுவியவன் நான், கலங்கியவர் அவர்! இது என்ன கூத்து?

நான்காம் நாள் அவர் அறைக்குப் போனேன். மனைவி கதவைத் திறந்தார். கட்டில் ஓரத்தில் அவர், காலுறையோடு.

"எங்க ஊர்ல பெரியவங்க சின்னவங்க காலைக் கழுவுறது ஒரே ஒரு நாள்தான் சார். சின்னவங்க செத்த அன்னைக்கு. இவ என்னை வெளியவே விடல. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

சபையோரே, அன்பு என்று எண்ணி ஓர் ஆளையே பிணமாக்கிவிட்டு வந்திருக்கிறேன்! மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பால் பயம் போகுமா? "இதை எப்படிம்மா மாத்துறது?" என்றேன்.

"அவர்கிட்ட ஏதாவது உதவி கேளுங்க," என்றார் மனைவி. "செத்தவங்ககிட்ட யாரும் உதவி கேக்க மாட்டாங்க."

உதவியா? ஒன்பது ஆண்டாக அவருக்கு விடுப்புக் கொடுத்தேன், சட்டை கொடுத்தேன், கேளாமலே அறிவுரையும் கொடுத்தேன். ஒருநாளாவது ஒன்று கேட்டேனா? மண்டியிட முடிந்த எனக்குக் கையேந்த முடியவில்லை! எது தாழ்மை? கிணற்றடியில் வேற்றினப் பெண்ணிடம் ஆண்டவரே தண்ணீர் கேட்டாரே, அதை எப்படி மறந்தேன்?

தட்டுத் தடுமாறிக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை மேடையில பேசணும்பா. என்ன பேசுறதுன்னே தெரியல."

காலுறையை இழுத்துவிட்டபடியே சொன்னார். "தெரியலைன்னே சொல்லுங்க சார். நான் வந்து உக்காந்துக்கிறேன்."

வந்திருக்கிறார், கடைசி வரிசையில். கைதட்டாதீர்கள், கூச்சப்படுவார். அதையும் அவரைக் கேட்காமலே சொல்கிறேன், பாருங்கள்!

ஆகவே அன்பர்களே, எனக்குத் தெரியவில்லை. என் அன்பில் அவருக்கானது எவ்வளவு, எனக்கானது எவ்வளவு என்றே தெரியவில்லை. இவ்வளவு பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். தொண்டை வறண்டுவிட்டது.

கடைசி வரிசைத் தம்பி, உன் பக்கத்து மேசையில தண்ணி இருக்கு பாரு. எனக்கு ஒரு டம்ளர் கொண்டு வர்றியாப்பா?