பின்கதவுப் பூட்டு

ஆட்களை எண்ணுவது பார்க்கத்தான் சுலபமான வேலை. ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கப் போவார்கள், குனிந்து ஊசி தேடுவார்கள், தோழியைப் பார்த்தால் இடம் மாறி உட்காருவார்கள். பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அரசாங்கம் ஒரு கம்பெனிக்கு நிலத்தைச் சும்மா கொடுக்கிறது. வரியைத் தள்ளுபடி செய்கிறது, பாதி விலைக்கு மின்சாரம் தருகிறது. பதிலுக்கு இத்தனை பேருக்கு வேலை தருவதாகக் கம்பெனி எழுதிக் கொடுக்கிறது. கொடுத்த சலுகைக்குப் பலன் இருந்ததா என்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. நீங்கள் விசாரிக்கும் அந்தத் தையல் கம்பெனி நானூறு பேர் என்று எழுதிக் கொடுத்திருந்தது.

என் அறிக்கைகளை யாரும் படித்ததில்லை. அவற்றில் ஒன்றின் பின்பக்கத்தில் மேலதிகாரியின் பேத்தி யானை வரைந்திருந்தாள். அவர் அதைச் சுவரில் ஒட்டியிருந்தார். "அவங்க தர்ற நம்பரையே போட்டுட்டுப் போங்களேன். உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று என்னிடமே கேட்டார்.

போன வருடம் அங்கே நானூற்று மூன்று பேரை எண்ணிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். வாசலில் ஒரு தையல்காரப் பெண் காத்திருந்தாள். என் தங்கை வயதுதான் இருக்கும்.

"சார், என்னை ரெண்டு தடவை எண்ணிட்டீங்க," என்றாள்.

முன்கூடத்தில் எண்ணி முடித்ததும் அங்கிருந்தவர்களைப் பின்கதவு வழியாக அடுத்த கூடத்துக்குக் கூட்டிப் போய், தலைத்துணியை மாற்றி உட்கார வைத்தார்களாம். நான்கு பேர் வேலையை இரண்டு பேர் செய்து முதுகு ஒடிகிறது என்றாள். உண்மை வெளியே வந்தால் புதிதாக ஆள் எடுப்பார்கள், தன் தங்கைக்கும் வேலை கிடைக்கும் என்று நம்பினாள். நீங்களாவது சரியாக எண்ணுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

மறுவாரமே திரும்பப் போனேன். பாதியில் தீ மணியை அடித்து எல்லாரையும் வெளியே ஓடவிட்டார்கள். தீயும் இல்லை, புகையும் இல்லை. கம்பெனி மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதுவரை எண்ணியதெல்லாம் கலந்து வீணாய்ப் போனது.

ஆகவே இந்த வருடம் ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு போனேன். முன்கூடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர். எண்ணி முடித்து, பின்கதவு வழியாக அடுத்த கூடத்துக்கு வந்து, அதை என் பக்கத்திலிருந்து பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது இரும்புக் கதவு. மேலாளரின் முகம் தொங்கிப்போனது. பதினோரு வருடத்தில் அன்றுதான் என் கை ஓங்கியிருந்தது.

அறுபதாவது ஆளை எண்ணும்போது மணி அடித்தது. பழைய பல்லவி என்று நினைத்தேன். யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். பிறகு பூட்டிய கதவை முன்கூடத்திலிருந்து தட்டினார்கள். முன்வாசலில் அடுக்கியிருந்த துணி மூட்டைகள் பற்றிக்கொண்டன, அந்தப் பக்கம் போக வழியில்லை என்று மேலாளர் பக்கவாசல் வழியாக ஓடி வந்து சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு சாவி கேட்டார்.

சாவி எங்கே விழுந்ததோ தெரியவில்லை என்று நான் சொன்னதாகச் சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், சொன்னேன். அவர் கடப்பாரை தேடி ஓடினார். கதவுக்கு அடியில் புகை வந்ததையும் பார்த்தேன், அதை மறைக்கவில்லை. இன்னும் மூன்று வரிசை மீதி இருந்தது. கதவைத் திறந்தால் இரண்டு கூடமும் கலந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை தடவைதான் ஒரு மனிதன் முதலிலிருந்து தொடங்குவது?

தட்டியவர்களில் ஒரு குரல் எனக்குத் தெரிந்த குரல். "சார், நான்தான். தொறங்க சார்."

அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவள் கேட்டுக்கொண்டதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கடைசி வரிசையையும் முடித்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. கதவை உடைத்தபோது அந்தப் பக்கம் முப்பத்தெட்டுப் பேர் இறந்திருந்தார்கள், அவளும்தான். அறிக்கையை அன்று மாலையே அனுப்பிவிட்டேன். மேலதிகாரி ஒரு பக்கம் விடாமல் படித்தாராம்.

அதில் ஒரு பிழையும் இருக்காது, ஐயா. இந்த முறை அவளை நான் ஒரே தடவைதான் எண்ணினேன்.