கடிகாரக்காரனின் மீசை

நாற்காலியைச் சற்று இடப்பக்கம் நகர்த்திக்கொள்ளலாமா, ஐயா? காலையில் நீங்கள் கேள்வி கேட்கத் தொடங்கியபோது அது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. தேநீர் வந்த பிறகு இரண்டு சாண் ஆகிவிட்டது. இதை யாரும் கவனிக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். யாரும் கவனிக்காதவற்றைக் கவனிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் திரைப்படங்களில் கன்டினியூட்டி பார்ப்பவள். ஒரே காட்சியைத் துண்டு துண்டாக, முன்பின்னாக, வெவ்வேறு நாள்களில் எடுப்பார்கள். இந்த வாரம் நாயகன் வலக்கையில் குடையோடு வாசலை நெருங்குவார். அடுத்த வாரம் வாசலுக்கு உள்ளே வருவார். அப்போதும் குடை வலக்கையிலேயே இருக்க வேண்டும், அதே அளவு ஈரத்தோடு. ஒவ்வொரு ஷாட்டும் முடிந்தவுடன், எடுத்த மறுகணமே படத்தை வெளியே துப்பும் பழைய கேமராவால் ஒரு படம் எடுத்து, நோட்டில் ஒட்டி, தேதியும் நேரமும் எழுதுவேன். பதினான்கு ஆண்டுகளில் ஒரு பொத்தான்கூட என் கண்ணுக்குத் தப்பியதில்லை.

இந்தப் படம் ஒரு பேய்ச் சிரிப்புப் படம். அந்தக் காலத்துப் படம் போலவே இருக்க வேண்டும் என்பது இயக்குநரின் பிடிவாதம். ஆகவே அட்டையில் வெட்டிய நிலா, கம்பியில் தொங்கும் ரப்பர் வௌவால், எல்லாரையும் இரும வைக்கும் புகை. கதை எளியது. ஒரு சூனியக்காரி தெருமுனைக் கடிகாரக்காரனைக் காதலிக்கிறாள், வசிய மருந்து காய்ச்சிக் கொடுக்கிறாள், அளவு பிசகிவிடுகிறது. அவன் காதலைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் தேரையாகிவிடுகிறான்.

தேரையாக்குவதற்குக் கணினி வித்தை எதுவும் கிடையாது. "அசையாதே!" என்பார் இயக்குநர். கேமரா நிற்கும். எல்லாரும் சிலையாக நிற்பார்கள். நாயகன் மட்டும் தரையிலுள்ள பலகைக் கதவைத் தூக்கிக் கீழறைக்குள் இறங்குவார். அவர் நின்ற இடத்தில் தேரையை வைப்போம். கேமரா மறுபடி ஓடும். அந்த இடைவெளியில் சூனியக்காரியின் சுண்டுவிரல்கூட இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. தேரை மட்டும் என் பேச்சைக் கேட்டதில்லை.

நாயகனைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர். என்னை அக்கா என்று அழைப்பார். என்னைவிட நான்கு மாதமே இளையவர், குறித்து வைத்திருக்கிறேன். அவர் சிரிப்பதற்கு அரை நொடி முன்பே இடப்புருவம் உயர்ந்துவிடும். தேநீரை மூன்று முறை ஊதுவார். நான்காவது முறை ஊதினால் மனத்தில் ஏதோ கவலை என்று பொருள். இவையெல்லாம் தொழிலுக்குத் தேவையான தகவல்கள். என் நோட்டில் சூனியக்காரியாக நடித்த பெண்ணுக்கு ஒன்றரைப் பக்கம், அவருக்கு அறுபத்திரண்டு. மீசைக்கு மட்டும் ஒன்பது. கூர்சீவிய பென்சிலால் ஒரே இழுப்பில் போட்ட கோடு போன்ற மீசை அது. சொந்த மீசை.

படத்தில் மருந்து வேலை செய்யவில்லை. படத்துக்கு வெளியே மருந்தே தேவைப்படவில்லை. அவரும் அந்தப் பெண்ணும் வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் திருமணம் செய்துகொள்வதாக முடிவு செய்தார்கள். எனக்கு மகிழ்ச்சியே. செவ்வாய்க்கிழமை மதிய உணவின்போது அவர்கள் பேசியதைக் கேட்கும் வரை.

"மீசையோட வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன், சொல்லிட்டேன்."

"ஏன், அதுக்கு என்ன குறைச்சல்?"

"உதட்டு மேல கம்பளிப்பூச்சி குடியிருக்கிற மாதிரி இருக்கு. நாளைக்குச் சாயங்காலமே எடுத்துடு."

"அக்கா திட்டுவாங்க."

"அக்கா என்ன, உன் மீசைக்கு வாட்ச்மேனா?"

இருவரும் சிரித்தார்கள். இடப்புருவம் அரை நொடி முந்தியது. நேரம் ஒன்று இருபது.

புதன்கிழமைக்குப் பிறகும் அவருக்கு ஒரு ஷாட் பாக்கி இருந்தது, நூற்றுப் பன்னிரண்டாவது. அது வெள்ளிக்கிழமை. இயக்குநரிடம் சொன்னேன்.

"அந்த ஷாட்டுக்கு மீசையே எதுக்கும்மா?" என்றார். "வேணும்னா ஒண்ணு ஒட்டிக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும், சார்."

"அப்ப நீ தியேட்டர் பக்கம் வராதே."

பொறுப்பற்றவர்களிடம் வாதாடுவதில் பயனில்லை.

புதன்கிழமை வசிய மருந்துக் கிண்ணத்தில் வழக்கமான பச்சை சர்பத்தோடு, மருத்துவர் எனக்கு எழுதிக்கொடுத்திருந்த தூக்க மாத்திரையும் இருந்தது. நாயகன் முழுவதையும் குடித்தார். நல்ல நடிகர், கிண்ணத்தில் எதையும் மிச்சம் வைக்க மாட்டார். இயக்குநர் "அசையாதே" என்றார். நாயகன் கீழே இறங்கினார். தேரை வந்தது. எல்லாரும் சிலையாக நின்றார்கள். நான் மட்டும் நகர்ந்தேன். கதவின் தாழைப் போட்டேன். மறுநாள் திருமணம் என்பதால் அந்த ஷாட்டோடு எல்லாருக்கும் விடுமுறை. மாப்பிள்ளை அவசரத்தில் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார் என்று கேலி செய்துகொண்டே கலைந்தார்கள்.

கைப்பேசியா? ஷாட்டுக்கு முன் எல்லாருடைய கைப்பேசியும் என்னிடம் வந்துவிடும். சட்டைப்பை புடைத்தால் அந்தக் காலம் கெட்டுவிடும். அவருடையதைத் திறக்கும் எண் ஐம்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு, "நாளைக்கு வேணாம்.. கொஞ்சம் யோசிக்கணும்.." என்று அனுப்பினேன். அவர் எதையும் இரண்டு புள்ளி வைத்தே முடிப்பவர். அனுப்பும் முன் மூன்று முறை அழித்து எழுதியது உண்மை. அதைக் குற்ற உணர்ச்சி என்று எழுதிக்கொள்ள வேண்டாம். இரண்டு புள்ளி எனக்கு ஒவ்வாது.

கீழறையில் மெத்தை, விளக்கு, தண்ணீர் எல்லாம் வைத்திருந்தேன். கைகளை உடைப்பிரிவின் வெல்வெட் பட்டையால் கட்டியதை நீங்கள் பெரிதுபடுத்துகிறீர்கள். ஆத்திரத்தில் மனிதர்கள் மீசையைப் பிய்த்துக்கொள்வதுண்டு. மாலை நான்கு மணிக்கு விழித்தார்.

"அக்கா, விளையாடாதீங்க. கதவைத் திறங்க."

"வெள்ளிக்கிழமை திறக்கிறேன். கொஞ்சம் வலப்பக்கம் திரும்புங்க, வெளிச்சம் பத்தல."

"நாளைக்கு எனக்குக் கல்யாணம்கா!"

"தாடையைத் தூக்குங்க."

ஏழு மணிக்கு நானே ஊட்டிவிட்டேன். கைகள் கட்டியிருந்ததால் வேறு வழியில்லை. குழம்பு மீசையில் படாமல் ஊட்டுவது எளிதன்று. அந்த வேளையோடு அவர் என்னை அக்கா என்று அழைப்பதை விட்டுவிட்டார். 'முன்னேற்றம்' என்று குறித்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக எப்படி அழைத்தார் என்பதும் அதே வரியில் இருக்கிறது. சத்தமாகப் படிக்க வேண்டாம்.

வியாழக்கிழமை பன்னிரண்டு ஐம்பதுக்கு அந்தப் பெண் செட்டுக்கு வந்தாள், சூனியக்காரித் தொப்பியைத் திருப்பிக் கொடுப்பதற்காக. கண்கள் வீங்கியிருந்தன, அந்த முகத்தோடு குளோஸ்-அப் எடுக்க முடியாது.

"அவன் உங்ககிட்ட ஏதாவது சொன்னானா, அக்கா?"

"மனசு மாறியிருக்கும்மா. இதெல்லாம் நடக்கிறதுதான்."

"ஒரே ஒரு தடவை அவன் போட்டோவைப் பார்த்துக்கறேன்."

நோட்டைக் கொடுத்தேன். அது தயாரிப்பு நிறுவனத்தின் சொத்து. மறுக்க எனக்கு உரிமையில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"இது இன்னிக்குத் தேதி."

"ஆமா."

"காலையில ஒன்பது பன்னிரண்டு."

"ஒன்பது பத்துக்கே எடுத்திருக்கணும். அவர் ஒத்துழைக்கல."

"அவன் எங்கக்கா?"

எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது. பதினான்கு ஆண்டுப் பழக்கம்.

"நீ நிக்கிற இடத்துக்கு நேர் கீழே," என்றேன்.

உங்கள் அறிக்கையிலும் இன்றைய செய்தித்தாளிலும் 'இரண்டு நாள்' என்று இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் பதினைந்து நிமிடமும் என்று திருத்திவிடுங்கள். அடைத்தது நான். மருந்து கலந்தது, கட்டியது, செய்தி அனுப்பியது எல்லாம் நானே. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. நோட்டிலேயே அனைத்தும் இருக்கும்போது நீங்கள் ஏன் இவ்வளவு நேரம் கேட்டீர்கள் என்பதுதான் புரியவில்லை.

பதிவு அலுவலகம் மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பாக அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். அவர் கடிகாரக்காரனின் உடையிலேயே போனார். மீசையோடு. அந்தப் பெண் உடனே கையெழுத்துப் போட்டாளாம். எனவே, காரணம் என்ற இடத்தில் பொறாமை, ஒருதலைக் காதல் என்றெல்லாம் எழுத வேண்டாம். மீசை என்று மட்டும் எழுதுங்கள். அது பத்திரமாக இருக்கிறது. என் வேலை முடிந்தது.

எந்தப் பக்கத்தைத் தேடுகிறீர்கள்? நூற்றுப் பன்னிரண்டாவது ஷாட்டா?

ஆமாம், என் கையெழுத்துதான். 'கடிகாரக்காரன் தெருவில் நடந்து மறைகிறான். முதுகு மட்டும்.' கடைசி இரண்டு சொற்களுக்கு அடிக்கோடு போட்டதும் நானே. முகம் தெரியாது. மீசை தெரிய வாய்ப்பே இல்லை. இயக்குநர் சொன்னது சரிதான்.

ஆனால் கேமராவுக்குப் பக்கத்து முக்காலியில் எப்போதும் நான்தான் உட்கார்ந்திருப்பேன், ஐயா. அவர் ஒருமுறை திரும்பிப் பார்க்கக்கூடும் என்று நினைத்தேன்.