எலிக்கு மட்டும்

காலையில் எழுந்ததும் பால் காய்ச்சுவேன். ஆடை படிந்தால் எனக்குக் குமட்டும், வடிகட்டித்தான் குடிப்பேன். பிறகு குளியல், இஸ்திரி போட்ட சட்டை. இன்றும் அப்படித்தான், ஐயா. உங்கள் ஆட்கள் மணியடித்தபோது வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் கொடுத்த டீயை நான் தொடாததற்கும் அந்த ஆடைதான் காரணம். தவறாக நினைக்க வேண்டாம்.

உயிரியல் படித்தவன். ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளோடு வேலை. எலிக்கு ஊசி போடுவது பார்ப்பதற்குத்தான் சுலபம். வாலைப் பிடித்துக் கூண்டின் கம்பி மூடியின் மேல் விட வேண்டும். அது முன்னால் இழுக்கும். அந்த நேரம் பிடரித் தோலைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கொத்தாகப் பிடித்துத் தூக்க வேண்டும். சரியாகப் பிடித்தால் தலையைத் திருப்ப முடியாது. வலிக்கவும் வலிக்காது. புதிதாக வருகிறவர்கள் தயங்கிப் பிடித்துக் கடிபடுவார்கள். என்னை ஓர் எலியும் கடித்ததில்லை.

என் மனைவியின் அண்ணன் அதைச் சொல்லித்தான் கேலி செய்வார். "மாப்பிள்ளையப் பாத்தா எலியே எழுந்து நின்னு வணக்கம் வைக்குது. என் தங்கச்சிதான் மதிக்க மாட்டேங்குறா."

அவள் மூக்கைப் பொத்துவாள். "வணக்கம் வைக்கட்டும். அந்த வாசனையையும் அங்கேயே வெச்சுட்டு வரச் சொல்லுண்ணா."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எலிக்கூண்டின் நெடி சோப்புக்குப் போகாது. மூத்திரமும் மரத்தூளும் ஊறிய நெடி. எனக்குப் பழகிவிட்டது. அவளுக்குப் பழகவில்லை.

கல்யாணமான புதிதில் அவளுக்கு மூட்டுவாதம் வந்தது. விரல்கள் வீங்கி டம்ளரைப் பிடிக்க முடியாமல் போயிற்று. நான் தலை வாரிவிட்டேன், ஊட்டிவிட்டேன். அப்போதெல்லாம் அவள் மூக்கைப் பொத்தியதே இல்லை. "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்" என்பாள். அதுதான் எங்கள் நல்ல காலம்.

பிறகு ஒரு புது மருந்து வந்தது. உடம்பு தானே செய்கிற ஒரு புரதம்தான் மூட்டில் தீ வைக்கிறது. அதைக் கட்டிப்போடும் ஊசி. ஞாயிறுதோறும் காலையில் வீட்டிலேயே நான் போடுவேன். ஊசி என்றால் அவளுக்கு உயிர் போகும். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

அவ்வளவுதான் பேச்சு.

தேறிவிட்டாள். தானே தலை பின்னினாள். சென்ட் போட ஆரம்பித்தாள். வீடு முழுவதும் அந்த இனித்துப்போன நாற்றம். பக்கத்து அறையில் படுத்தாள். வெளியூரில் வேலையும் கிடைத்தது. "வாரக்கடைசியில வந்துட்டுப் போறேன், என்ன இப்போ" என்றாள். வர மாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

தீ வைக்கிற அந்தப் புரதம் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் உண்டு. எலியின் மரபணுவைக் கிருமிக்குள் வைத்து, கிருமியைக் கொண்டே செய்வது. எலியைத் தொடுவதே இல்லை, மிகவும் சுத்தம். குப்பியின் சீட்டில் பெயருக்கு முன்னால் 'எலி' என்று இருக்கும். கீழே, ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்றும் இருக்கும். அதைப் போட்டால் எலி முதுகு கூனி, மயிர் சிலிர்த்து, மூலையில் ஒடுங்கும். மறுநாள் தேறிவிடும். மனித உடம்பிலும் அது ஓரளவு வேலை செய்யும்.

அவளுடைய மருந்தைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு ஊசியில் இதை ஏற்றினேன். கொல்வதற்கு அல்ல. கொஞ்சம்தான்.

காய்ச்சல் வந்தது. விரல்கள் வீங்கின. வேலையில் சேர்வதைத் தள்ளிப்போட்டாள். நான் மறுபடி தலை வாரிவிட்டேன். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதையே போட்டேன். அண்ணன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்கள மாதிரி ஒருத்தர் கெடைக்க அவ குடுத்து வெச்சிருக்கணும், மாப்பிள்ளை." அவருடைய மூக்குச்சளி என் விரலில் பட்டது. அவர் போகும்வரை அப்படியே வைத்திருந்து, பிறகு கழுவினேன்.

வேற்றுயிரின் புரதத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும், ஒருநாள் மொத்தமாக எதிர்த்து எழும் என்பது முதலாண்டுப் பாடம். நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மறந்துவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், மறந்துவிட்டேன் என்று. எலிக்கே போட்டுப் பழகிய கை செய்கிற தவறு இது. எலியின் உடம்பு அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். அவள் உடம்பு எடுத்துக்கொள்ளவில்லை. அவள் ரத்தத்தில் எலிப் புரதத்துக்கு எதிர்ப்பு இருந்ததாகச் சொன்னீர்கள். இருக்கும். மூக்கைப் பொத்திய அதே உடம்புதானே.

கடைசி ஞாயிறு ஊசி போட்ட சற்று நேரத்தில் உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. முதுகு கூனி உட்கார்ந்தாள். கையில் மயிர் சிலிர்த்திருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பதறாமல் பார்ப்பது எங்கள் வேலைப் பழக்கம். பெரும்பாலும் தேறிவிடும். அசைவு நின்ற பிறகு ஆம்புலன்சுக்குச் சொன்னேன். அதற்கு முன்னால் கை கழுவினேன்.

கட்டாயப்படுத்தினாயா என்று கேட்டீர்கள். இல்லை. அவள் மீது நான் கையை ஓங்கியதே கிடையாது. அன்றும் அவளாகத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது என்னவோ இந்தப் பக்கம் திரும்ப முயன்றாள். குப்பி மேசையில் இருந்தது. பயப்படுவாளே என்று பிடரியில் லேசாகக் கை வைத்தேன். வலித்திருக்காது.

"நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்" என்பதுதான் அவளுடைய கடைசி வார்த்தை என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை அவள் படத்துக்கு அடியில் அச்சடித்து மாட்டியிருக்கிறார். அது பழைய பேச்சு. உங்கள் தாளிலாவது சரியாக இருக்கட்டும். அவள் சொன்னது இதுதான்:

"நான் எதையும் பாக்கலங்க. கழுத்த விடுங்க."