சுல்மீரா அம்மா வீட்டுச் சுவரில் இரண்டு படங்கள்

உங்கள் தலைக்கு மேல் மாட்டியிருக்கும் படத்தில் பச்சை கூடிப்போயிருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. அரை மணி நேர வேலைதான். தொழில் புத்தி, எங்கே உட்கார்ந்தாலும் கண் முதலில் சுவருக்குத்தான் போகிறது.

பிரேசிலின் மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் கரிரிப் பக்கம் போட்டோ என்றால் உள்ளதை உள்ளபடி காட்டுவது இல்லை. கிழிந்த படத்தைக் கொண்டுவருவார்கள். ஸ்கேன் செய்து, விரிசலை அடைத்து, பூஞ்சையைத் துடைத்துக் கொடுத்தால் போதாது. "அப்பாவுக்கு ஒரு கோட்டு மாட்டி விடு, அம்மா காதுல தொங்கட்டான் போட்டு விடு" என்பார்கள். என் கணினியில் கோட்டுக்கு ஒரு ஃபோல்டர், நகைக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. அதிலுள்ள நீலக் கோட்டு ஒன்றைத்தான் ஊரில் பாதி ஆண்கள் சுவரில் போட்டிருக்கிறார்கள். உங்கள் மாமனாரும்தான்.

கண் ஃபோல்டருக்குத்தான் கிராக்கி. சவப்பெட்டியில் எடுத்த ஒரே படத்தைக் கொண்டுவந்து, "கண்ணைத் தெறந்து குடுப்பா" என்று கேட்பார்கள். இறந்தவரின் மகன் கண், தம்பி கண் என்று பொருந்துவதை எடுத்து வைப்பேன். எதுவும் பொருந்தாவிட்டால் என் கண்ணை வைப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அது எந்த முகத்திலும் உட்காரும். சுல்மீரா அம்மாவின் கணவருக்கு அதைத்தான் வைத்தேன்.

அந்த அம்மாவின் ஒரே மகன் அதெல்மோ. மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பழைய படங்களை வாங்கி வருவான், நான் சரிசெய்வேன். அடுத்தவன் முகத்தையெல்லாம் கேட்டு வாங்குகிறவன், தன் முகத்தை மட்டும் காட்டமாட்டான். கேமராவை எடுத்தாலே ஓட்டம். "நான் விக்கிறவன்டா, செவுத்துல தொங்குற ஆளில்ல" என்று சிரிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. எனக்கென்று வேறு யாரும் இல்லை. அரிசியையும் காராமணியையும் ஒன்றாக வேகவைத்து, மேலே வாட்டிய பாலாடைக்கட்டியை அடுக்கித் தருவார் அந்த அம்மா. "வால்டெசி, என்னடா இப்பிடி எளைச்சுப் போயிட்ட, இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்க" என்பார். என் வாழ்க்கையில் அப்படி என்னைப் பார்த்துச் சொன்னது அவர் ஒருவர்தான்.

பதினோரு வருடத்துக்கு முன் அதெல்மோ சாவோ பாவ்லோவுக்குக் கிளம்பினான். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. மூன்று மணிக்குப் பஸ். ஊர் முழுக்க விடைபெற்றுவிட்டு, கடைசியாக என் கடைக்குப் பையோடு வந்தான்.

"வேலை கெடைச்சதும் அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடுவேன்டா. ஞாயித்துக்கெழமை இனிமே நீயே பொங்கித் தின்னு" என்றான்.

கிண்டலாகத்தான் சொன்னான். நான் காபி போட்டுக் கொடுத்தேன். கடையில் எலித் தொல்லை உண்டு, அதற்கு மருந்தும் வைத்திருப்பேன். மூன்று மணிக்குப் பஸ் கிளம்பியது, அதில் யார் ஏறினார்கள் என்று எவரும் எட்டிப்பார்க்கவில்லை.

வாழ்நாளில் முதல்முறையாக அன்றைக்குத்தான் அவன் எனக்கு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தான். ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அழகாக விழுந்திருந்தது.

அப்புறம் வருடா வருடம் டிசம்பரில், அவன் என் போனுக்கு அனுப்பிய படம் என்று சொல்லி, பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோவேன். போனில் பேசினால் அழுகை வந்துவிடுமாம் அவனுக்கு, அதனால் பேசுவதில்லை என்பேன். அம்மாவுக்குக் கண்புரை. படத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்பார்.

"எப்பிடிடா இருக்கான்?"

"தொப்பை போட்டுட்டாம்மா."

"கோட்டு போட்டிருக்கானா?"

"நீலக் கோட்டு. தொரை மாதிரி இருக்கான்."

ஒவ்வொரு வருடமும் அந்த ஒரே படத்தில் கொஞ்சம் நரை சேர்த்தேன். ஒரு மருமகளையும் பக்கத்தில் நிற்கவைத்தேன். அவளைச் சற்றுச் சிடுமூஞ்சியாகத்தான் செய்தேன். மகன் ஏன் அம்மாவை அழைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா?

எல்லாம் நன்றாகத்தான் போனது, போன மாதம் இலவசக் கண்புரை முகாம் வரும்வரை. நானேதான் கைபிடித்து அழைத்துப்போனேன். போன ஞாயிறு சாப்பிட்டு முடித்தபோது அம்மா சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் கணவர், அந்தப் பக்கம் மகன். மாறி மாறிப் பார்த்தார்.

"வால்டெசி, ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணா இருக்கு."

"அப்பா ஜாடைம்மா."

"அவரு கண்ண நீதானடா தெறந்த. பொட்டியில மூடில்ல கெடந்துச்சு."

என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"உன் கண்ணுடா இது. உசுரோட இருக்கறவனுக்கு எதுக்குடா நீ கண்ணத் தெறந்த?"

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இதற்குப் பதில் தெரியும். அவர் செருப்பைக்கூடப் போடாமல் நேரே உங்களிடம் வந்துவிட்டார்.

ஃபோல்டரில் நூறு ஜோடிக் கண் இருக்கும்போது எதற்கு என் கண்ணையே வைத்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? படத்தைக் கையில் வாங்கியதும் அம்மா தடவிப் பார்த்து, சரியாக அந்தக் கண்கள் மேல்தான் முத்தம் கொடுப்பார். பதினோரு வருடம், ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

அவன் கடையின் பின்னறையில், பெரிய பிரிண்டருக்கு அடியில் இருக்கிறான். பையும் அங்கேதான். சிமெண்டை உடைக்கும்போது பிரிண்டரைக் கொஞ்சம் பார்த்து நகர்த்தச் சொல்லுங்கள். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் நான் அவனைக் கொன்றது ஒரு மத்தியானம்தான், மற்ற பதினோரு வருடமும் உயிரோடு வைத்திருந்தேன் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நாளை மறுநாள் ஞாயிறு. சுல்மீரா அம்மா பன்னிரண்டு மணிக்கெல்லாம் தட்டு வைத்துவிடுவார். எனக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும் என்று யாரையாவது விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், பாவம், காத்துக்கொண்டிருப்பார்.