இஷ்தியாக் பாய் காயிலில் கேட்ட சத்தம்

மேடையில வீற்றிருக்கற தலைவர் அவர்களே, சங்கத்து செயலாளர் தௌசீப் அகமது அவர்களே, ஆம்பூர் ஷூ கம்பெனிங்கள்ல வேர்த்து நரைச்ச என் ஜனங்களே, முன் வரிசையில உக்காந்திருக்கற போன மாசம் நம்மள உட்டுப் போன எங்க இஷ்தியாக் பாயோட மக நிஷாவே, எல்லாருக்கும் சுந்தரமூர்த்தியோட வணக்கம். தௌசீப் எனக்கு மூணு நிமிஷம் குடுத்திருக்காரு. மூணு நிமிஷத்துல நான் தொண்டையைக்கூட செரும மாட்டேன்னு அவருக்கே தெரியும். நான் எட்டாங்கிளாஸ ரெண்டு வாட்டி படிச்சவன். மூணாவது வாட்டி வேணாம்னு வாத்தியாரு கையெடுத்துக் கும்பிட்டாரு. அதனால பேச்சுல தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. இன்னிக்கு நான் சொல்லப்போற விஷயத்துல இருக்கற தப்ப மட்டும் பொறுத்துக்க வேணாம்.

சித்த முன்னாடி நிஷா இங்க வந்து நின்னு இன்னா சொல்லிச்சு? ராணிப்பேட்டை லேப் வேலைக்கு ராஜினாமா எழுதிட்டேன், திங்கக்கெழம குடுக்கறேன், அப்பா தங்கம் தேடின ஓடையில இனிமே நான் தேடறேன்னு சொல்லிச்சு. உங்களுக்கெல்லாம் கண்ணு கலங்கிச்சு. நான் மட்டும் கை தட்டல. ஏன்னு சொல்லத்தான் இந்த மைக்கைப் புடிச்சிகினு நிக்கறேன்.

இஷ்தியாக் அகமது யாரு? போஸ்டர்ல 'ஓய்வுபெற்ற மெயின்டனன்ஸ் ஊழியர்'னு போட்டிருக்கீங்க. அவ்ளோதானா? நீடில் டிடெக்டர் மிஷினுக்கு அவருதான் டாக்டரு. தச்சு முடிச்ச ஷூ பெல்ட்டு மேல போவும், உள்ள ஊசித் துணுக்கு இருந்தா மிஷின் கத்தும். கத்த வேண்டிய நேரத்துல அது கத்தலன்னா? அதுக்குத்தான் கார்டு. ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டையும் பொறுக்கி, கார்டுல ஒட்டி, முழு ஊசி ஆவுதான்னு பாக்கணும். ஒரு துண்டு கம்மின்னாலும் லைன் ஓடாது. வெளியூரு ஆளுங்களுக்கு இது சிரிப்பா இருக்கும். நமக்கு இதுதான் சட்டம்.

பட்டம்மா, பின்னால உக்காந்திருக்கியே, நீதான் சாட்சி. உன் மிஷின்ல ஊசி உடைஞ்சிது, முனை கெடைக்கல. அறுபது பொம்பளைங்க ரெண்டு மணி நேரம் சும்மா நின்னாங்க. அப்ப நான் லைன் சூப்பர்வைசர். மேல இருந்து எனக்கு வசவு. நான் பாய்கிட்ட போய், "இன்னா பாய், கொசு மூக்கு அளவு கூட இல்ல, உட்டுடேன். பேஜாரா இருக்கு"ன்னேன். அவுரு தலையைத் தூக்காம சொன்னாரு: "கொழந்த ஷூ மூர்த்தி. அது கத்தினா எங்க குத்துதுன்னு அம்மாவுக்கே தெரியாது." கடைசியில செம்புக் கம்பியில கையால ஒரு சின்ன காயில் சுத்தி, ஒவ்வொரு ஷூவா தடவி, நாப்பத்தி ஓராவது ஷூ மூக்குல இருந்து எடுத்தாரு. அவுரு சுத்தின மொத காயில் அதுதான்.

ரிட்டயர் ஆன பெறகு அந்தக் காயில் அவரை உடல. ஷூவுல ஊசி கேக்குதுன்னா மண்ணுல தங்கம் ஏன் கேக்காது? கோலார் தங்கப் பாறை பூமிக்கு அடியில நம்ம பக்கமும் வருதுன்னு அவுரு கணக்கு. நாட்றம்பள்ளி தாண்டி, பார்டர் மலை அடிவாரத்துல ஒரு காட்டு ஓடை. வாரம் ரெண்டு நாள் அங்க. மண்வெட்டி தூக்க நான்.

மொதல்ல தாம்பாளம் அளவு காயில். ஆழமாப் போவும், ஆனா குருணை அளவு தங்கத்து மேல போனா கண்டுக்காது. அப்பறம் டீ சாசர் அளவு. அது சின்னதைக் கேட்டுச்சு, ஆனா ஓடையில இருக்கற இரும்புக் கருமணலையும் கேட்டு ஓயாம அலறிச்சு. கடைசியா ஷூவுக்குள்ள போடற இன்சோல் அட்டையில ரெண்டு D வெட்டி, ரெண்டுலயும் கம்பி சுத்தி, நேரா இருக்கற பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு ஏற மாதிரி வெச்சாரு. "ஒரு D பேசும், ஒரு D கேக்கும் மூர்த்தி. பேசறவன் சத்தம் கேக்கறவன் காதுல நேரா விழவே கூடாது. மண்ணுக்குள்ள இருக்கறது பதில் சொன்னா மட்டும்தான் விழணும்."

"அட, எங்க வூட்ல இருக்கற காயில் பாய் இது. அவ பேசுவா, என் காதுல விழாது"ன்னேன்.

"உன் வூட்டு காயில் ரிப்பேர். எனக்கு அரை மில்லி நகந்தாலும் போச்சு"ன்னாரு.

நகந்துது. ஏன் நகந்துது? இந்த மனுஷன் காயிலை சோல் ஒட்டற பசையால ஒட்டியிருக்காரு. நம்ம ஊரு ஆளு வேற எத எடுப்பான்? காலையில ஒழுங்கா இருக்கும், வெயில் ஏறினா பசை எளகும், D ரெண்டும் நழுவும், பதினோரு மணிக்கு மேல ஓடையே ஊளையிடும். மூணு மாசம் ஆச்சு அத கண்டுபுடிச்சு வேற பசை மாத்த. நான் சிரிச்சேன். ஊரு சிரிச்சுது. ரெண்டு வருஷத்துல ஒரு பொட்டு தங்கம் இல்ல.

இது வரைக்கும் சொன்னது உங்களுக்கும் தெரியும். இனிமே சொல்றது எனக்கு மட்டும் தெரியும்.

என் தங்கக் கடுக்கன் ஒண்ணு உடைஞ்சு கெடந்துது. அதுல ஒரு துணுக்கு வெட்டினேன். கல்லுல தட்டி, மணல்ல தேச்சு, ஆத்துல உருண்ட மாதிரி பண்ணேன். அரிசிக் குருணை அளவு. பாய் புங்கமரத்தடியில மத்தியான லுஹர் தொழுகைக்கு நின்னப்ப, ஓடையில நாலு விரல் ஆழத்துல பொதைச்சேன். எதுக்கு? வெளையாட்டுக்கு. எடுத்துக் குதிப்பாரு, டீக்கடையில உண்மையச் சொல்லி ஒரு வாரம் ஓட்டலாம். அவ்ளோதான் என் புத்தி.

தொழுதுட்டு வந்தாரு. ஹெட்போனைக் காதுல மாட்டி காயிலைத் தூக்கினாரு. ஓடை நெடுக வீசிகினே வந்தவரு, அந்த எடத்துல நின்னாரு. முட்டி போட்டாரு. எடுத்தாரு. குதிப்பாருன்னு பாத்தேன். குதிக்கல. ஈர மணல்லயே நெத்தியை வெச்சு ரொம்ப நேரம் எழுந்திரிக்கல. அப்பறம் என் கையைப் புடிச்சாரு. "ரெண்டு வருஷமா எல்லாரும் பைத்தியம்னாங்க தோஸ்த். நீ மட்டும்தான் கூட வந்த. நான் சொன்னா நிஷா நம்பாது. நீ சொல்லு."

அந்த நேரத்துல எந்த வாயால சொல்றது? நீங்க சொல்லியிருப்பீங்களா? நான் சொல்லல. அன்னிக்கு சாயந்திரம் நிஷாகிட்ட போய், "ஆமாம்மா, என் கண்ணால பாத்தேன்"னு சொன்னேன். கண்ணால பாத்தது உண்மைதானே. இப்படித்தான் நாலு வருஷம் எனக்கு நானே சொல்லிகினேன்.

நாலு வருஷம். ஒண்ணுமே இல்லாத எடத்துல அவுரு காட்டுவாரு, நான் தோண்டுவேன். ஒவ்வொரு குழியிலயும் என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. அவுரு போன பெறகு எங்க போனாலும் அந்த ஹெட்போன் சத்தம் காதுல கேக்குது. இந்த ஃபேன் சுத்தறதுலயும் கேக்குது. தௌசீப், நீங்க பேசும்போது உங்க பேச்சுக்கு அடியில கேட்டுகினே இருந்துது. யாரு பேசறாங்க? யாருக்குப் பதில் வேணும்?

நிஷா, அந்தக் குருணை என் காதுல இருந்து வந்தது. ஓடையில இருந்து வந்தது இல்ல. எல்லாத் துண்டையும் ஒட்டாம லைன ஓடவுட்ட சூப்பர்வைசர் நான்தான்.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரும்மா. எந்த எடத்துல பொதைச்சேன்னு உங்க அப்பாவுக்குத் தெரியாது. அவ்ளோ இரும்பு மண்ணுக்குள்ள, குருணை அளவு தங்கத்த, கால் மணி நேரத்துல அந்தக் காயில் கேட்டுச்சு. வெச்சவன் பொய்யன். கேட்டது பொய் இல்ல. இந்தச் சபையில கேக்கறேன், அந்த வேலைய நாம எடுத்து நடத்த வேணாமா? அந்த ரெண்டு D-யை நம்ம நீடில் ரூம்ல வெப்போம். பெரிய மிஷின் உட்ட முனையை அது புடிக்கட்டும். எந்தக் கொழந்த காலும் அழக் கூடாது. அதுக்கு இந்தக் கெழவன் உசுரு இருக்கற வரைக்கும் ஓடுவேன்னு உறுதி சொல்றேன்.

இத்தோட எறங்கினா நல்ல பேச்சுன்னு சொல்வீங்க. எறங்க முடியல. பாதி உண்மையோட நாலு வருஷம் இருந்துட்டேன், போதும்.

போன மாசம், அவுரு போன அன்னிக்கு, காலைல பத்து மணி. ஓடையில நின்னுகினு இருந்தவரு நெஞ்சைப் புடிச்சிகினு உக்காந்தாரு. காயில் பக்கத்துல மண்ணுல கெடக்குது. "மூர்த்தி, கேக்குதா?"ன்னாரு. ஹெட்போன் அவுரு காதுல இருக்கு, எனக்கு எப்படிக் கேக்கும்? "கேக்குது பாய்"னேன். கடைசிப் பேச்சுக்கும் நான் குடுத்தது பொய்தான். மாடு மேய்க்கறவங்க ஓடி வந்து அவரைத் தூக்கிகினு வண்டிக்குப் போனாங்க. சாமானை எடுக்க நான் குனிஞ்சேன். அவுரு காதுல இருந்து கழண்டு விழுந்த ஹெட்போன் கையில இருக்கு. அதுக்குள்ள இருந்து சன்னமா, நிக்காம வருது. காயிலைத் தூக்கினேன், நின்னுது. வெச்சேன், வந்துது. அந்த எடத்து மேல ஒரு கல்லை வெச்சுட்டு ஓடினேன்.

ஆணியா? சோடா மூடியா? எனக்குத் தெரியாது. அங்க நான் எதுவும் போடல. அது மட்டும்தான் தெரியும். என் பேச்ச இனிமே நீ நம்பணும்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல.

அதனால, நிஷா, ராஜினாமா திங்கக்கெழம. அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம இருக்கு. உன்னைக் கூட்டிகினு போய் அந்தக் கல்லைக் காட்டறேன். பட்டம்மாவும் தௌசீபும் வரட்டும். ஒரு முழம் தோண்டு, அதுக்கு மேல வேணாம். வர்றது எதுவா இருந்தாலும் அத வெச்சு நீயே முடிவு பண்ணு. நான் மண்வெட்டியைத் தொட மாட்டேன். ஓடையில எறங்கறதுக்கு முன்னாடி என் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிடு. முடிச்சை நீயே போடும்மா.